பளிச்சு துடைச்ச நூத்தியிருபது வானம்

பேத்தி பிறந்து ரெண்டாம் நாளே முதல் போட்டோ எடுத்தாச்சு! எடுத்தவரு வேற யாரு, சொந்தத் தாத்தாதான். முப்பத்தி நாலு வருஷமா போட்டோ ஸ்டூடியோவுல வேலை பார்க்கிற மனுஷன், பேத்தி முகத்தை அடுத்தவன் கேமராவுக்கு விட்டுக் கொடுப்பாரா?

எடுத்ததோட விட்டிருந்தா ஒரு பேச்சும் வந்திருக்காது. நேரா ஸ்டூடியோவுக்கு வந்தாரு, கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தாரு, பிள்ளை தலைக்கு அடியில முட்டுக் கொடுத்திருந்த மக கையைத் துடைச்சாரு. ஓரத்துல தெரிஞ்ச வீட்டுக்காரம்மா முழங்கையைத் துடைச்சாரு. பின்னாடி இருந்த வாளி, தண்ணி பாட்டில், பாதி உடம்பு தெரிஞ்ச மாப்பிள்ளை, ஒண்ணையும் விட்டு வைக்கல. வெள்ளை வெளேர்னு பின்னணி போட்டு, பிரிண்ட் எடுத்து, ஆஸ்பத்திரி வராண்டாவுல ஓட்டமும் நடையுமா வந்து வீட்டுக்காரம்மா கையில கொடுத்தாரு.

"பாரு! பேத்தி எப்படிப் பளிச்சுன்னு இருக்கா!"

அந்தம்மா போட்டோவை இப்படித் திருப்பிப் பார்த்தாங்க, அப்படித் திருப்பிப் பார்த்தாங்க.

"ஏங்க, பிள்ளை அந்தரத்துல தொங்குது?"

"பின்னணி சுத்தமா இருக்கணும்ல."

"எதுக்கு? பிறந்து ரெண்டு நாள் ஆகல, அதுக்குள்ள பாஸ்போர்ட் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பப் போறீங்களா?"

மனுஷன் முகம் கொஞ்சம் தொங்கிப் போச்சு. ஆனா ரெண்டு நிமிஷம்தான். பேத்தி கொட்டாவி விட்டா. எல்லாம் மறந்து போச்சு.

தெருவுல அவரை எல்லாரும் பளிச்சுன்னுதான் கூப்பிடுவாங்க. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் "பளிச்சுன்னு பண்ணிடலாம்"னு சொல்லிச் சொல்லியே அது பேரா ஒட்டிக்கிச்சு. சொந்தப் பேரு ரேஷன் அட்டையில மட்டும்தான் இருக்கு. ஆறாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுட்டு வந்தவரு. முதல்ல ஸ்டூடியோ இருட்டறையில மருந்துத் தட்டு கழுவினாரு. அப்புறம் மயிர் மாதிரி மெல்லிசா இருக்கிற பிரஷ்ஷை வெச்சு படத்துல புள்ளி அடைக்கக் கத்துக்கிட்டாரு. கம்ப்யூட்டர் வந்தப்ப ஒரு வாரம் அதுகிட்டயே போகல. எட்டாம் நாள் தொட்டாரு. தொட்டவரு இன்னிக்கு வரைக்கும் மவுஸை விடல.

வேலையில அவருக்கு ரெண்டே சட்டம். ஒண்ணு, ஆளுக்குப் பின்னாடி ஒண்ணும் இருக்கக் கூடாது. ரெண்டு, முகத்தைத் தொடக் கூடாது. இந்த ரெண்டாவது சட்டம் அடி வாங்கிக் கத்துக்கிட்டது. ஒரு தடவை ஒருத்தர் கன்னத்துல இருந்த மச்சத்தை, அழகா இருக்கட்டுமேன்னு எடுத்துட்டாரு. பாஸ்போர்ட் ஆபீசுல "இது நீங்க இல்லை"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அந்தாளு ஸ்டூடியோ வாசல்ல நின்னு தெருவே கூடுற மாதிரி கத்தினாரு: "என் மச்சத்தைத் திருப்பிக் கொடுய்யா!" அன்னியிலேர்ந்து முகத்துப் பக்கமே போறதில்லை. சுத்தி இருக்கிறதை மட்டும் துடைப்பாரு. அதுல அவரை அடிச்சுக்க ஆளே கிடையாது.

ஒரே மக. படிப்புன்னா உசுரு. பள்ளிக்கூடம், காலேஜு, அதுக்கு மேல, அதுக்கும் மேலன்னு போயி, கடைசியில வானத்தைப் படிக்கிற இடத்துல போய் நின்னா. ஆறு வருஷமா ஆராய்ச்சி. யாராச்சும், "உங்க மக என்ன பண்ணுது?"ன்னு கேட்டா, "வானத்துல வேலை"ன்னு சொல்லுவாரு.

"விமானத்துலயா?"

"அதுக்கும் மேல."

அதுக்கு மேல அவருக்கும் தெரியாது. மக எத்தனையோ தடவை சொல்லியிருக்கா. இவரும் தலையைத் தலையை ஆட்டுவாரு. காதுல விழும், உள்ள இறங்காது.

பேத்தி மூணு வாரம் முந்திக்கிட்டு வந்துட்டா. ஆபரேஷன். மூணாம் நாள் காலையில மக ஒரு பென் டிரைவை அப்பா கையில கொடுத்தா.

"அப்பா, இதுல நூத்தியிருபது படம் இருக்கு. எல்லாத்தையும் நல்ல பேப்பர்ல, ஒரே சைஸுல பிரிண்ட் போட்டுக் கொடுங்க. மடியில கம்ப்யூட்டர் வெச்சா தையல் வலிக்குது. படுத்துக்கிட்டே பார்க்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வழி கண்டுபிடிச்சாகணும்."

"வெள்ளிக்கிழமை என்ன கண்ணு?"

"அதெல்லாம் பெரிய கதைப்பா. பிரிண்ட் போடுங்க."

அவ கண்ணு சிவந்திருந்துச்சு. பிள்ளை தூங்க விடலன்னு நினைச்சுக்கிட்டாரு.

ஸ்டூடியோவுல படத்தைத் திறந்தாரு. கறுப்பு வானம். நடுவுல சுருள் சுருளா வெளிச்சம், யாரோ பால்ல கரண்டியை விட்டுக் கலக்கின மாதிரி. அடேயப்பா, என்னா அழகு! ஆனா சுத்திலும் புள்ளி. ஒரு படத்துல பக்கத்துலயே பஞ்சு ஒட்டின மாதிரி ஒரு திட்டு. இன்னொண்ணுல யாரோ கேமரா மேலயே தும்மின மாதிரி படம் பூரா தெறிச்சுக் கிடக்கு.

"இவ்வளவு படிச்ச பிள்ளைங்க, லென்ஸைத் துடைக்க மாட்டேங்குதுங்களே!"ன்னு சலிச்சுக்கிட்டாரு. மக முகம் ஞாபகம் வந்துச்சு. பாவம், இந்தக் கோலத்துல இருக்கிற படத்தை வெச்சுக்கிட்டு அது என்ன பண்ணும்? ஒரே நிமிஷத்துல முடிவு பண்ணிட்டாரு. எல்லாத்தையும் பளிச்சுன்னு பண்ணிடறது!

ரெண்டு பகல் பூரா அதே வேலை. முதலாளி வந்து எட்டிப் பார்த்தாரு.

"யோவ் பளிச்சு, கல்யாண ஆல்பம் காத்துக்கிட்டு இருக்கு. நீ என்னய்யா வானத்துக்கு வெள்ளையடிக்கிற?"

"மக கேட்டிருக்கு முதலாளி. ஆஸ்பத்திரியிலேர்ந்து."

முதலாளி கல்யாண ஆல்பத்தைத் தள்ளி வெச்சுட்டுப் போனாரு.

திங்கக்கிழமை சாயங்காலம் நூத்தியிருபது பிரிண்டையும் அட்டைப் பெட்டியில அடுக்கி, நெஞ்சோட அணைச்சுக்கிட்டு பஸ் ஏறினாரு. வார்டுல மக சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தா. மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் வேலையிலேர்ந்து நேரா வந்திருந்தாரு, சட்டையில கிரீஸோட. வீட்டுக்காரம்மா மடியில பேத்தி.

மக முதல் படத்தை எடுத்தா. ரெண்டாவதை எடுத்தா. அப்புறம் ஒரு கத்தையை எடுத்து விறுவிறுன்னு புரட்டினா. அவ முகம் மாறிப் போச்சு.

"அப்பா. பக்கத்துல இருந்ததெல்லாம் எங்க?"

"எது கண்ணு?"

"இதுல ஓரத்துல ஒண்ணு இருந்துச்சே. வெள்ளையா, சின்னதா."

"அந்தத் தூசியா? துடைச்சுட்டேன்! உன் படம் ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு குப்பை தெரியுமா?"

மக கத்தையைக் கீழ வெச்சா. அப்புறம் மெதுவாச் சொன்னா.

"அது தூசி இல்லைப்பா. அதுவும் ஒரு கேலக்ஸி. கோடி கோடி நட்சத்திரம்."

மாப்பிள்ளை இருமுற மாதிரி வாயைப் பொத்திக்கிட்டாரு. வீட்டுக்காரம்மா, "கோடி நட்சத்திரத்தைத் துடைச்சுட்டு வந்து நிக்கறீங்களே, மனுஷரா நீங்க?"ன்னாங்க. சிரிக்கலாமா வேண்டாமான்னு யாருக்கும் தெரியல. ஏன்னா மக அழ ஆரம்பிச்சுட்டா.

அப்பத்தான் அந்தப் பெரிய கதை வெளிய வந்துச்சு. இந்தத் தடவை இவரு தலையை ஆட்டல. ஒவ்வொரு வார்த்தையா வாங்கிக்கிட்டாரு.

"ஒரு கேலக்ஸின்னா கோடிக்கணக்கான நட்சத்திரம் ஒண்ணாச் சேர்ந்து சுத்துறதுப்பா. அந்தச் சுருள் கோடு இருக்குல்ல, அதுக்குப் பேரு கை. பக்கத்துல யாருமே இல்லாம தனியா இருக்கிறதுக்குக் கை பெரும்பாலும் துண்டு துண்டா, கலைஞ்சு கிடக்கும். பக்கத்துல இன்னொரு கேலக்ஸி வந்துச்சுன்னா அது இழுக்கும். இழுக்க இழுக்க, இந்தப் பக்கம் ஒண்ணு எதிர்ப்பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு பெரிய கை தெளிவா எழும்பும். பெரிய கூட்டத்துக்கு நடுவுல மாட்டிக்கிச்சுன்னா வேற கதை. நட்சத்திரம் பிறக்கிறதுக்கு வேண்டிய வாயுவை அந்தக் கூட்டமே உருவிடும். புதுசு பிறக்காது. கை மங்கி மங்கி, வெறும் தட்டு மாதிரி ஆயிடும். அக்கம்பக்கம் எப்படியோ அப்படித்தான் சுருளும். இதுதான் என் ஆறு வருஷம். அந்த அக்கம்பக்கத்தைத்தான் நீங்க..."

"துடைச்சுட்டேன்"னு அவரே முடிச்சாரு.

"படம் போனா போகுதுப்பா, என்கிட்ட வேற பிரதி இருக்கு. அதுக்கு அழல. ஏற்கெனவே கப்பல் கவுந்துதான் கிடக்கு. எக்ஸாமினர் அம்மா என் ஆராய்ச்சியைத் திருப்பி அனுப்பிட்டாங்க. படத்தைப் பார்த்துக் கையை எண்ணினது நானும் என் கூடப் படிக்கிற ரெண்டு பேரும். எங்களுக்குப் பக்கத்து கேலக்ஸி கண்ணுல படுது. பட்டதும், ஆகா, இதுக்கு ரெண்டு கை இருக்கும்னு மனசு முடிவு பண்ணிடும். கண்ணு அப்புறம்தான் பார்க்கும். அக்கம்பக்கத்தை மறைச்சுக் காட்டித் திரும்பச் செய்னு எழுதிட்டாங்க. மறைச்சுப் பார்த்தேன். கறுப்பு வட்டம் போட்டா, அந்த வட்டமே காட்டிக் கொடுக்குது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். அன்னிக்குப் பதில் இல்லைன்னா பட்டம் இல்லை. பட்டம் இல்லைன்னா எனக்காக எடுத்து வெச்சிருக்கிற வேலையும் போச்சு."

அந்த நேரம் பார்த்து நர்ஸம்மா உள்ள வந்தாங்க. காய்ச்சல் பார்க்க வந்தவங்க, கட்டில் மேல பரவிக் கிடந்த படத்தைப் பார்த்து அப்படியே நின்னுட்டாங்க.

"என்னங்க இது? அடடா, இது ரெண்டு கையை விரிச்சுக்கிட்டு ஆடற மாதிரி இருக்கே! இது ஐயோ பாவம், தலை வாராத பிள்ளை. இதுல என்ன இருக்கு? கழுவி வெச்ச தட்டு மாதிரி."

மக அழுகையைப் பாதியில நிறுத்தினா. நர்ஸம்மா கையில இருந்த மூணு படத்தையும் வாங்கி, பின்னாடி இருந்த எண்ணைப் பார்த்தா. முதல்ல சொன்னது, பக்கத்துல ஆள் இருந்தது. ரெண்டாவது, தனியா இருந்தது. மூணாவது, கூட்டத்துக்கு நடுவுல இருந்தது.

"அக்கா, இதுக்குப் பக்கத்துல ஏதாவது இருந்த மாதிரி தெரியுதா உங்களுக்கு?"

"எங்க? கறுப்பாத்தானே இருக்கு."

"அழிச்ச மாதிரி?"

நர்ஸம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தாங்க. "ஒண்ணும் இல்லையேம்மா. சுத்தமா இருக்கு."

மக நிமிர்ந்து உட்கார்ந்த வேகத்துல தையல் இழுத்து 'ஸ்ஸ்'னு கத்தினா. கத்திக்கிட்டே சிரிச்சா.

"அப்பா! நான் ஆறு வாரமா முட்டி மோதினதை நீங்க ரெண்டு நாள்ல முடிச்சிருக்கீங்கப்பா!"

பளிச்சுக்கு ஒண்ணும் புரியல. ஆனா மக சிரிச்சா இவரும் சிரிக்கணும், அவ்வளவுதான். சிரிச்சாரு.

"இருங்க, இருங்க. சிரிக்காதீங்க. உண்மையைச் சொல்லுங்க. நடுவுல இருக்கிற சுருளைத் தொட்டீங்களா? அழகா இருக்கட்டும்னு ஒரு கையை நீட்டறது, கொஞ்சம் வெளிச்சம் ஏத்தறது, ஏதாவது? ஒரே ஒரு எடத்துல தொட்டிருந்தாலும் எல்லாம் பாழ்."

"முகத்தைத் தொட மாட்டேன் கண்ணு. மச்சக்காரன் கத்தினது இன்னும் காதுல இருக்கு."

"நூத்தியிருபதுலயும்?"

இவரு அட்டைப் பெட்டி மூடியைத் திறந்தாரு. மூடினாரு. வீட்டுக்காரம்மா பேத்தியைத் தட்டறதை நிறுத்திட்டு இவரையே பார்த்தாங்க.

"ஒரு மூணுல," அப்படின்னாரு. "அந்தத் திட்டுக்கும் சுருள் கைக்கும் நடுவுல நூல் மாதிரி ஒரு வெளிச்சம் ஓடுச்சு. திட்டை எடுத்ததும் நூல் தனியா வால் மாதிரி தொங்குச்சு. அதனால வாலை வெட்டிட்டேன். கையோட நுனியும் துளி போயிருக்கும்."

"எந்த மூணு?"

"முப்பத்தி ஒண்ணு, அறுபத்தி நாலு, நூத்தி ஏழு."

எண்ணோட சொல்றாரு! மாப்பிள்ளை லேப்டாப்பை எடுத்து, ட்ரே மாதிரி ரெண்டு கையாலயும் ஏந்திப் பிடிச்சுக்கிட்டு மனைவி முன்னாடி நின்னாரு. இவரு பென் டிரைவுல சேமிச்சுக் கொண்டுவந்த துடைச்ச படத்தை, பழைய படத்துலேர்ந்து மக கழிச்சா. அதாவது ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கிறதெல்லாம் கறுப்பாப் போயிடும், துடைச்சது மட்டும் மிச்சம் நிக்கும்.

முதல் படம். திரை பூரா கும்மிருட்டு. ஓரத்துல மட்டும், பளிச்சு துடைச்ச திட்டு தனியா மின்னிக்கிட்டு நிக்குது. நடுவுல ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. சுருளை ஒரு விரல் தொடல.

ரெண்டாவது, அதே. பத்தாவது, அதே. வீட்டுக்காரம்மா பிள்ளையோட எழுந்து வந்து பின்னாடி நின்னுட்டாங்க. இருபது. முப்பது. முப்பத்தி ஒண்ணுல நடுவுல ஒரு கீத்து வெளிச்சம் வந்துச்சு. வால்! அப்புறம் அறுபத்தி நாலு. அப்புறம் நூத்தி ஏழு. வேற எதுலயும் இல்லை. மாப்பிள்ளை மாமனாரைத் திரும்பிப் பார்த்தாரு. "மாமா, நான் லிஃப்டுக்கு வயர் போடறப்பகூட இவ்வளவு சுத்தமாப் போட்டதில்லை"ன்னாரு.

"மூணையும் எடுத்துடறேன்"ன்னா மக. "மிச்சம் நூத்திப் பதினேழு. இப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாத ஆளுங்க வேணும். நிறைய பேரு. கேலக்ஸின்னா என்னன்னே தெரியாதவங்களா இருந்தா ரொம்ப நல்லது."

பளிச்சு நெஞ்சை நிமிர்த்தினாரு. "அது என் பொறுப்பு."

மறுநாள் காலையில ஸ்டூடியோவுல, போட்டோவுக்குக் காத்திருக்கிறவங்க பெஞ்சு பக்கத்துல மேஜை போட்டாச்சு. படத்தையெல்லாம் கலைச்சுப் போட்டு அடுக்கியாச்சு. மக எழுதிக் கொடுத்த தாள்ல மூணு கட்டம்: ரெண்டு கை தெளிவா இருக்கு, துண்டு துண்டா இருக்கு, மங்கலா இருக்கு. படத்தைப் பார்த்ததும் என்ன தோணுதோ அதுல டிக் போடணும். வேற ஒண்ணும் சொல்லிக் கொடுக்கக் கூடாது.

முதல்ல வந்தது பிளம்பர், லைசென்ஸ் போட்டோவுக்கு. "பாத்ரூம் ஓட்டையில தண்ணி இறங்குற மாதிரியே இருக்குண்ணே!"ன்னு குஷியா உட்கார்ந்து நூத்திப் பதினேழையும் முடிச்சுட்டாரு. அடுத்து ஸ்கூல் வேன் ஓட்டற அம்மா. அரை மணியில முடிச்சாங்க. "தினமும் நாப்பது பசங்க தலையை எண்ணறேன், இதைப் பார்க்க மாட்டேனா?"ன்னாங்க. அப்புறம் ஒரு ஜோடி, கல்யாணம் பதிய போட்டோ எடுக்க வந்தவங்க.

"இது ரெண்டு கை"ன்னான் அவன்.

"கண்ணு தெரியலையா உனக்கு? துண்டு துண்டாக் கிடக்கு."

"நல்லாப் பாருடி!"

"இப்பவே 'டி' போட்டுப் பேசறியா? முதல்ல வேற தாள் வாங்கித் தனித்தனியா எழுதுவோம். அப்புறம் யோசிக்கலாம், கல்யாணம் வேணுமான்னு."

தனித்தனியாத்தான் எழுதினாங்க. போட்டோவும் எடுத்துக்கிட்டாங்க, சிரிச்சுக்கிட்டே.

பிரச்சனை பண்ணினது யாருன்னா, பளிச்சுதான். அவருக்கு ஒவ்வொரு படத்துலயும் என்ன துடைச்சோம்னு மனப்பாடம். யாராவது டிக் போடப் போனா, "ஆ!"ன்னுவாரு. இல்லைன்னா தொண்டையைச் செருமுவாரு. ஒரு படத்துக்குக் கண்ணையே மூடிக்கிட்டாரு. போன்ல பேசிக்கிட்டிருந்த மக அந்தச் செருமலைக் கேட்டுட்டா:

"அப்பா, நீங்க எங்க நிக்கறீங்க?"

"இங்கதான், மேஜைகிட்ட."

"அங்க நிக்கக் கூடாது! உங்க முகம் பக்கத்து கேலக்ஸியை விட மோசமாக் காட்டிக் கொடுக்கும். வெளிய போங்க."

முப்பத்தி நாலு வருஷம் வேலை பார்த்த ஸ்டூடியோவுக்கு வெளிய, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துக்கிட்டாரு மனுஷன். உள்ள யாரோ "மங்கல்"ங்கறாங்க, யாரோ "ரெண்டு கை"ங்கறாங்க. எந்தப் படம், எந்தப் படம்னு உசுரு துடிக்குது. எட்டிப் பார்த்தா முதலாளி, "யோவ், போய்யா வெளிய!"ன்னு விரட்டறாரு. முதல் நாள் "இது ஸ்டூடியோவா, பரீட்சை ஹாலா?"ன்னு கேட்டவரு, இப்ப ஷட்டரைப் பாதி இறக்கிட்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து தானும் டிக் போட்டாரு. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பதினேழு பேரு!

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. மக டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தாச்சு. முன் ரூம்ல லேப்டாப்புல எக்ஸாமினர் அம்மா. நரைச்ச முடி, மூக்குக் கண்ணாடி, சிரிப்புன்னா என்னன்னு கேட்கிற முகம். துடைச்ச படமும், எந்த எண்ணுக்கு எந்த மாதிரி அக்கம்பக்கம்ங்கிற பட்டியலும் அவங்ககிட்ட. ஜனங்க என்ன சொன்னாங்கங்கிற பட்டியல் மககிட்ட. முன்கூட்டி யாரும் ஒத்துப் பார்க்கல. மகளே பார்க்கல. "எட்டிப் பார்த்தா நானும் உங்களை மாதிரி ஆயிடுவேன்"னு அப்பாகிட்ட சொல்லிட்டா.

பின் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு பளிச்சும் வீட்டுக்காரம்மாவும். இவரு தோள்ல பேத்தி. அந்தம்மா கையில பென்சிலும் காலி டயப்பர் டப்பாவும். சத்தம் கேட்கக் கேட்க டப்பா மேல கோடு போடறாங்க.

"எண் நாலு?"ங்குது லேப்டாப்.

"ரெண்டு கை. பதினேழுல பதினஞ்சு பேரு."

"பக்கத்துல துணை உண்டு."

வீட்டுக்காரம்மா கோடு போட்டாங்க. "சரியா வந்துச்சா?"

"சரிதான், சரிதான்! போடு!"

"எண் ஒன்பது?"

"ரெண்டு கை. பதிமூணு பேரு."

"தனி."

"ஐயோ"ன்னாரு பளிச்சு.

"கத்தாதீங்க, பிள்ளை முழிச்சுக்கும்."

அடுத்த ரெண்டு ஒத்து வந்துச்சு. அதுக்கு அடுத்தது வரல. இவரு ரூமுக்குள்ள அப்படியும் இப்படியும் நடக்கறாரு. பேத்தி தாத்தா நடக்கறது தனக்காகத்தான்னு நினைச்சு சொகமாத் தூங்கறா. இருபது தாண்டினதும் கோடு ஒரு பக்கமாக் குவிய ஆரம்பிச்சுச்சு. ஐம்பதுல அந்தம்மா டப்பாவைத் திருப்பி அடுத்த பக்கத்துக்குப் போனாங்க. எண்பதுல இவரு கட்டில் நுனியில உட்கார்ந்துட்டாரு. நூத்திப் பதினேழு முடிஞ்சப்ப வீட்டுக்காரம்மா டப்பாவை அவரு முன்னாடி நீட்டினாங்க.

பக்கத்துல ஆள் இருந்தது முப்பத்தி ஏழு. அதுல இருபத்தி எட்டை ஜனங்க "ரெண்டு கை"ன்னு சொல்லியிருக்காங்க. தனியா இருந்த நாப்பதுல இருபத்தி அஞ்சு துண்டு துண்டு. கூட்டத்துல மாட்டின நாப்பதுல இருபத்தி ஏழு மங்கல். பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. பிளம்பருக்குத் தெரியாது, வேன் அம்மாவுக்குத் தெரியாது. சுருளே சொல்லிடுச்சு!

முன் ரூம்ல தாள் புரட்டற சத்தம். அப்புறம் எக்ஸாமினர் அம்மா குரல்.

"தனியா இருக்கிறதுல பதினொண்ணுக்கு ரெண்டு கை வந்திருக்கே. அதுக்கு என்ன சொல்ற?"

பளிச்சு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாரு.

"தெரியல மேடம்"ன்னா மக. "சிலதுக்கு நடுவுல பட்டை மாதிரி ஒரு அமைப்பு இருக்கு, அதுவே கையை எழுப்பலாம். சிலதுகிட்ட எப்பவோ ஒண்ணு வந்து இழுத்துட்டு, இப்ப ரொம்பத் தூரம் போயிருக்கலாம். அக்கம்பக்கம் மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல வரல. அதுவும் ஒரு பெரிய காரணம்னுதான் சொல்றேன்."

"நல்லது. எல்லாம் ஒத்துப் போச்சுன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். சரி, அக்கம்பக்கத்தை அழிச்சது எந்த சாஃப்ட்வேர்? நானும் பதினஞ்சு வருஷமாத் தேடறேன், இப்படி ஒரு அழிப்பைப் பார்த்ததில்லை."

"சாஃப்ட்வேர் இல்லை மேடம். எங்க அப்பா."

"யாரு?"

"அப்பா! இங்க வாங்க!"

பேத்தியைத் தோள்ல போட்டுக்கிட்டு பளிச்சு லேப்டாப் முன்னாடி வந்து நின்னாரு. சட்டைத் தோள்ல பால் கக்கின கறை. தன்னோட பின்னணியில துணி காயப் போட்ட கொடி தெரியுதேன்னு ஒரு கணம் கூச்சமா இருந்துச்சு.

"எப்படிங்க செஞ்சீங்க?"

"வணக்கம்மா. கறுப்புன்னா ஒரே கறுப்பு கிடையாதுங்க. மணல் மணலா இருக்கும். வெறும் கறுப்பை அப்பினா கண்ணு கண்டுபிடிச்சுடும். அதனால அந்தப் படத்துலயே பக்கத்துல இருக்கிற கறுப்பைத் துளித் துளியா எடுத்து ஒட்டணும். தனியா இருந்த படத்துலயும் சில்லறைப் புள்ளி இருந்துச்சு, அதையும் இதே மாதிரி எடுத்தேன். எல்லாத்துக்கும் ஒரே கை வேலை. முகத்தை மட்டும் தொடலீங்க."

"முகமா?"

"சுருளைத்தாங்க. மூணுல வாலை வெட்டிட்டேன். அது என் தப்பு. அதை வெளிய எடுத்தாச்சு."

எக்ஸாமினர் அம்மா கண்ணாடியைக் கழட்டினாங்க. சிரிக்கத் தெரியாதுன்னு நினைச்ச முகம், பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுச்சு.

"இதை அப்படியே எழுதிச் சேர்த்துடும்மா, தப்பு உள்பட. நான் கையெழுத்துப் போடறேன். உனக்குப் பட்டம் உறுதி."

பளிச்சு போட்ட கூப்பாட்டுல பேத்தி முழிச்சுக்கிட்டு வீல்னு அலறினா. மக அழுதா, அன்னிக்கு லீவு போட்டிருந்த மாப்பிள்ளை டயப்பர் டப்பாவைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டுக் குதிச்சாரு. வீட்டுக்காரம்மா, "ஏங்க, கதவைச் சாத்துங்க, தெருவே வந்துடப் போகுது"ன்னாங்க. அவங்க குரல்தான் எல்லாரையும் விடச் சத்தமா இருந்துச்சு.

திங்கக்கிழமை ஸ்டூடியோ கண்ணாடி ஷோகேஸுல பெருசா ஒரு புதுப் படம் வந்துச்சு. பேத்தியோட முதல் போட்டோ, எடுத்தது எடுத்தபடி. முதலாளி முன்னாடி நின்னு முறைச்சாரு.

"யோவ், பிள்ளை தலைக்குக் கீழ ஒரு கை தெரியுதேய்யா."

"அவ அம்மா கை முதலாளி."

"இந்த முழங்கை?"

"எங்க வீட்டம்மா."

"வாளி தெரியுது! பாட்டில் தெரியுது! உன் மாப்பிள்ளை பாதி தெரியறாரு!"

"அவரு பாதி தெரியறதே பெருசு முதலாளி. மிச்ச நேரமெல்லாம் லிஃப்டுக்குள்ள கிடப்பாரு."

"துடைக்கலையா?"

"இல்லை"ன்னுட்டு பளிச்சு உள்ள போய் கம்ப்யூட்டரைத் திறந்தாரு. எக்ஸாமினர் அம்மா அனுப்பின அடுத்த கட்டு வந்து நிக்குது. தொள்ளாயிரம் சுருள். துடைக்கணும், முகத்தைத் தொடாம.